கெட்டதை முதலில் சொல்லும்

வெள்ளவத்தையில் நான் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த காலத்தில், அந்தக் கடைக்குள் சொல்லப்பட்ட பொய்களை எழுதி வைத்திருந்தால் ஒரு அலுமாரி நிறைந்திருக்கும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கடை. பலகையும் கண்ணாடியும் அடித்த இரண்டு ரெலிபோன் கூடுகள், ஒரு ஃபேக்ஸ் மெஷின், நினைத்தால் மட்டும் வேலை செய்யும் ஒரு போட்டோக்கொப்பி மெஷின். கூட்டுக் கதவைச் சாத்தினாலும் உள்ளே பேசுவது முழுக்க வெளியே கேட்கும். கனடாவுக்கும் சுவிஸுக்கும் எடுக்கிற எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: “இஞ்ச ஒரு பிரச்சினையுமில்லை. நீங்கள் யோசியாதேங்கோ.” சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு நாள் பொலிஸில் இருந்துவிட்டு வந்த ஒரு மனிதர், தாடியும் வழிக்காமல் நேரே என் கடைக்கு வந்து, மகனுக்கு எடுத்து, “சும்மா வீட்டிலை இருந்து ரீவி பாக்கிறன்” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நான் மட்டும் என்ன திறம்? மஸ்கட்டில் இருந்த என் புருசனுக்கு நான் எழுதிய கடிதங்களும் அந்த ரகம்தான்.

அந்தக் கடைக்குள் உண்மை மட்டும் பேசிய ஒரே ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, படிப்பால் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கலியாணம் கட்டவில்லை. கொட்டன் சீலை, வாரி இழுத்துக் கட்டிய கொண்டை, ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. முதல் நாள் கூட்டுக்குள் நின்று ஆங்கிலத்தில் கதைத்தார். என் ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலம். ஆனாலும் அவர் இரண்டு மூன்று தரம் “வெரி குட், தாங்க் யூ” என்றது விளங்கியது. வெளியே வந்தவரிடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“நல்ல செய்தி போல கிடக்கு?”

“இல்லை. ஒரு சாமான் வெடிச்சுப் போச்சாம்.”

போட்டோக்கொப்பி எடுக்க நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். யுத்த காலத்துக் கொழும்பில் அந்தச் சொல்லை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்வதில்லை.

“அதுக்கோ தாங்க் யூ சொன்னீங்கள்?”

“பின்ன? வெடிச்ச அண்டைக்கே சொல்லிப்போட்டான். அடுத்த மாசம் சொல்லியிருந்தா நான் என்ன செய்யிறது?”

விசர்க் கேஸ் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வேலை என்னவென்று எனக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. செவ்வாய்க் கிரகத்துக்கு ஆளில்லாத கலம் ஒன்று போகப்போகிறது. அதில் ஏற்றுவதற்கு ஒரு கருவி செய்கிறார்கள். ரைஸ் குக்கர் அளவில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு மூக்கு. பெரிய மூக்கு அங்குள்ள காற்றில் என்னென்ன வாயு இருக்கிறதென்று பார்க்கும். சின்ன மூக்கு ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்தப் பெட்டி செய்து முடிகிற வரைக்கும் முழுப் பொறுப்பும் இவருடையது.

“அப்ப நீங்கள்தானோ செய்யிறீங்கள்?” என்று கேட்டேன்.

“நான் ஒரு ஆணி கூடப் பூட்டுறேல்லை. செய்யிற ஆக்கள் ஏழு இடத்திலை இருக்கினம். எல்லாரும் ‘சரி வரும், சரி வரும்’ எண்டுதான் சொல்லுவினம். அதிலை எது உண்மை எண்டு கண்டுபிடிக்கிறதுதான் என்ரை உத்தியோகம்.”

இதை மேல்மாடி அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் குடியிருந்தவர், மகன் கனடாவில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கடைதான் அவருக்குப் பொழுதுபோக்கு. “செவ்வாயிலையோ வேலை?” என்றார். “அதுதான் பிள்ளைக்கு ஒரு கலியாணமும் பொருந்தேல்லை.” இவர் கோபிக்கவில்லை. சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறதென்று தனக்குத் தெரியாது, வானத்தில் எங்கே நிற்கிறதென்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார். அது சும்மா பகிடி இல்லை. பூமியும் செவ்வாயும் கிட்ட வருகிற நேரம் பார்த்துத்தான் கலத்தை விடவேண்டுமாம். அந்த நாட்களைத் தவறவிட்டால் இரண்டு வருசத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். ஒருவருக்காகவும் அது பொறுக்காது.

இப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு அவர் கொழும்பில் நின்றதற்குக் காரணம் அவருடைய தம்பி. தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தது அந்த ஒருவன்தான், பதினான்கு வயது இளையவன். கட்டடப் படம் கீறுகிற வேலை. கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் ஒன்றில் இருந்தவனைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். வெளியே எடுக்கலாமென்று இரண்டு கிழமை லீவில் வந்தவருக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் சட்டத்தரணி, பொலிஸ், தடுப்பு முகாம் வாசல். பின்னேரம் என் கடையில் ஃபேக்ஸும் போனும். இங்கிலாந்தில் விடிந்து வேலை தொடங்குகிற நேரம் எங்களுக்குப் பின்னேரம் என்பதால் அது அவருக்குத் தோதாயிருந்தது.

அவரிடம் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு நிறம். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் வில்லங்கம். ஒருநாள் ஒரு தாள் முழுப் பச்சையாக ஃபேக்ஸில் வந்தது. ஃபேக்ஸில் நிறம் வராது, பச்சைக்கு ஒரு எழுத்துப் போட்டு அனுப்புவார்கள். சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவருடைய முகம் கறுத்துவிட்டது. உடனே கூட்டுக்குள் போய் மூன்று பேருக்கு எடுத்தார். அரைமணித்தியாலத்தில் நான்கு பச்சையைச் சிவப்பாக்கிக்கொண்டு வெளியே வந்து, “இப்ப பரவாயில்லை” என்று தேத்தண்ணி கேட்டார். முழுவதும் பச்சையான தாளைப் பார்த்தால்தான் அவருக்குப் பயம்.

போனை எடுத்ததும் அவர் சொல்கிற முதல் வசனமும் எனக்குப் பாடமாகிவிட்டது. அதைத் தமிழிலும் வைத்திருந்தார். பின்னேரம் அவர் வரும்போது நான் “வாங்கோ அக்கா” என்றால், “கெட்டதை முதல்ல சொல்லும்” என்பார். கரண்ட் இல்லை, லைன் இல்லை, ஃபேக்ஸ் தாள் முடிந்துவிட்டது, எதைச் சொன்னாலும் “நன்றி” என்பார். உண்மையாகவே நன்றி. எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, ஏதாவது பழுதானால் அவருக்குச் சொல்லலாமென்று ஒரு சந்தோசம் வரத் தொடங்கியது. அப்படி ஒரு ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை.

மேல்மாடி அன்ரியோடு அவர் முட்டிக்கொண்டதும் இதில்தான். அன்ரிக்கு நெஞ்சு நோ. டொக்டர் ஒப்பரேஷன் சொல்லியிருந்தார். மகனுக்குப் போன் எடுத்து, “நான் கல்லுப் போல இருக்கிறன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். இவர் பொறுக்கமாட்டாமல் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

“அன்ரி, மகனுக்குச் சொல்லுங்கோ. இப்ப சொன்னா அவர் ஏதும் செய்யலாம். பிறகு சொன்னா அழத்தான் ஏலும்.”

“உம்மடை பெட்டிக்கு நெஞ்சு நோகாது பிள்ளை,” என்றார் அன்ரி. “அங்க அவன் பனிக்குள்ள ரெண்டு வேலை செய்யிறான். சொன்னா நித்திரை கொள்ளுவானோ?”

எனக்கு அன்ரி பக்கம்தான் நியாயமாகப் பட்டது. அதை வாய் விட்டும் சொன்னேன்.

அவருடைய இந்தக் குணத்தால் நானும் ஒருநாள் தெருவில் மாட்டுப்பட்டேன். அளுத்கடையில் சட்டத்தரணியைப் பார்க்கத் துணைக்குப் போனேன். கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். “கொஹெத யன்னே?” என்று சார்ஜன் கேட்டான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு எங்கள் எல்லோரிடமும் ஒரு கலியாண வீடோ, பல் டொக்டரோ எப்போதும் தயாராக இருக்கும். நான் பல்லைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்க முதல், இவர் நல்ல சுத்தமான சிங்களத்தில் முழுவதையும் ஒப்புவித்தார். தம்பி தடுப்பில் இருக்கிறான், இன்ன சட்டத்தின் கீழ் பிடித்தார்கள், சட்டத்தரணியிடம் போகிறோம். சார்ஜன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் மேலே அறிவித்தான். பின்னேரம் மூன்று மணி வரை தகரக் கொட்டிலுக்குள் எங்களை இருத்தி வைத்தார்கள். சட்டத்தரணி போய்விட்டார். ஒரு கிழமை வீண்.

“உங்களுக்கு மூளை கீளை இருக்கோ அக்கா?” என்று திரும்பி வரும்போது நன்றாகப் பேசினேன். “ஒரு பொய் சொல்லியிருந்தா ஒரு கிழமை மிஞ்சியிருக்கும்.”

“அதைக் கண்டுபிடிச்சிருந்தா தம்பிக்கு ஒரு வருசம் கூடியிருக்கும்,” என்றார். கோபத்தில் நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் வழமை போல வந்து, கெட்டதை முதலில் கேட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அந்தச் சின்ன மூக்கு. முகாமையாளராக வருவதற்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் கையால் படம் கீறி வடிவமைத்தது அது ஒன்றுதான். கலத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை. எடை கூடும்போதெல்லாம் “சின்னனைக் கழட்டுவம்” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்களாம். நான்கு வருசமாக அதைக் கழற்ற விடாமல் காத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் கொஞ்ச எடையை ஒதுக்கி வைத்திருப்பதாகவும், கடைசி நேரத்தில் சின்னனுக்குத் தேவைப்பட்டால் அதை எடுத்துக் கொடுப்பதாகவும் ஒருநாள் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்தது தாய்மாருக்கு வருகிற முகம்தான். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் இப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது.

ஐந்தாம் மாதக் கடைசியில் தம்பியின் வழக்குக்கு ஒரு புதன்கிழமை திகதி விழுந்தது. விடுகிறதென்றால் இரத்த உறவு ஒருவர் நீதவானுக்கு முன்னால் வந்து நின்று பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும், வேறு ஆள் சரிவராது என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அவர் அந்தக் கிழமை சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஃபேக்ஸ் வந்தது. வழமையாகக் காலையில் வராது, அங்கே அப்போது விடியாது. யாரோ நித்திரை முழித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்தேன். அதிர்வு மேசையில் வைத்துப் பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும் சோதனையில் சின்ன மூக்கைத் தாங்குகிற தகடு பிளந்துவிட்டது. அந்தளவுக்கு என் ஆங்கிலம் காணும். மேலே படிக்க மனம் வரவில்லை. மடித்து, போட்டோக்கொப்பித் தாள் கட்டுக்குக் கீழே வைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குத் தாத்தா செத்ததைச் சோதனை முடிந்த பிறகுதான் சொல்வோம். தாலி கட்டும் மட்டும் மாப்பிள்ளைக்கு எந்தச் சாவும் தெரியாது. புதன்கிழமை நீதிமன்றத்தில் நிற்கப்போகிற மனிசியிடம் திங்கட்கிழமை போய், உம்முடைய பிள்ளை உடைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள்தானே. வியாழக்கிழமை கொடுப்போம்.

பின்னேரம் வந்தார். “கெட்டதை முதல்ல சொல்லும்.”

“ஒண்டுமில்லை அக்கா.”

“ஃபேக்ஸ்?”

“வரேல்லை.”

“லைன் வேலை செய்யுதோ?”

“காலமையிலிருந்து கொஞ்சம் கரைச்சல்,” என்றேன். பொய் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. செவ்வாய்க்கிழமை சட்டத்தரணி வீட்டிலேயே அவருக்குப் பொழுது போய்விட்டது, கடைக்கு வரவில்லை. அதையும் கடவுள் எனக்குச் செய்த உதவி என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பின்னேரம் தம்பியோடு வந்தார். வெளுத்து, மெலிந்து, செருப்பும் இல்லாமல் நின்றான். அன்ரி மேலேயிருந்து ஓடிவந்து அவனைக் கட்டிப் பிடித்து அழுதார். இவர் சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்டேன், முன்பல் ஒன்று சற்று முன்னுக்கு நிற்கும். அந்தச் சந்தோசத்தில் எனக்கும் துணிவு வந்துவிட்டது. தாள் கட்டை உயர்த்தி ஃபேக்ஸை எடுத்து நீட்டினேன்.

“இப்பத்தான் வந்தது அக்கா.”

நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிறகு கூட்டுக்குள் போய் எடுத்தார். அதிகம் கதைக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார், “குட் டிசிஷன், தாங்க் யூ” என்றார், வெளியே வந்தார்.

“சின்னனைக் கழட்டிப்போட்டினம்,” என்றார். “பாரம் சமனாயிருக்க அந்த இடத்திலை அதே நிறையிலை ஒரு அலுமினியக் கட்டியை வைச்சுப் பூட்டியாச்சு. இண்டைக்குக் காலமை கூட்டத்திலை நான் நேரிலை நிண்டு, தடிச்ச தகட்டுக்கு ஒதுக்கின எடையைக் குடுத்துக் கையெழுத்து வைச்சிருந்தா சின்னனை விட்டிருப்பினம். போனிலை ஏலாதாம்.”

புதன் காலைக்குள் நேரில் வரவேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் வாசிக்காத பக்கம்.

“என்னக்கா?” என்று தம்பி கேட்டான்.

“வேலை விசயம்.”

அவர் போகாமல் என் மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டோக்கொப்பி மெஷினைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, “தம்பி வந்ததுதான் பெரிய விசயம் அக்கா” என்றேன். “ஓம்” என்றார். அடுத்த கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் மனதுக்கு நானே ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தேன். திங்கட்கிழமையே கொடுத்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்? அங்கே புதன் காலை, இங்கேயும் புதன் காலை. தம்பியை விட்டுவிட்டுப் போகவா போகிறார்? வீணாக இரண்டு நாள் துடித்திருப்பார், அவ்வளவுதான். இதை எத்தனை தரம் எனக்குள் சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல அது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வானத்தில் எங்கேயோ அலுமினியக் கட்டி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்காது.

சில வருசம் கழித்து ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. குரல் மாறவில்லை. கலம் போய்ச் சேர்ந்துவிட்டதாம், பெட்டி வேலை செய்கிறதாம், பெரிய மூக்கு வடிவாக மணக்கிறதாம். கேட்டுவிட்டு எனக்கு அழுகை வந்தது.

“அங்க எப்பிடி?” என்று கேட்டார்.

“இஞ்ச ஒரு பிரச்சினையுமில்லை அக்கா.”

முந்தின கிழமைதான் காலி வீதியில் குண்டு வெடித்து என் கடைக் கண்ணாடி முழுக்க உதிர்ந்திருந்தது. நான் கடதாசி மட்டை ஒட்டிய கூட்டுக்குள் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

“ரேடியோவிலை கேட்டனான்,” என்று சிரித்தார். அவர் போனை வைக்காமல் நின்றார். திங்கட்கிழமை காலை ஒன்பதரை, தாள் கட்டு, கரைச்சல் என்று நான் சொன்ன லைன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மன்னித்துவிடுங்கோ என்று நான்கைந்து தரம் சொல்லியிருப்பேன்.

“தெரியும்,” என்றார். “ஃபேக்ஸ் தாளிலை மேலை திகதியும் நேரமும் அடிச்சிருந்ததெல்லோ. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“நான் தந்திருந்தாலும் நீங்கள் என்ன செய்திருப்பியள் அக்கா? அண்டைக்குத்தானே கோர்ட்.”



“திங்கட்கிழமை தந்திருந்தா அண்டிரவே பிளேன் ஏறியிருப்பன்,” என்றார். “வழக்குக்கு வேறை திகதி எடுக்கலாம், செவ்வாய்க் கிரகத்துக்குத் திகதி எடுக்கேலாது எண்டு எனக்கு நானே சொல்லிப்போட்டுப் போயிருப்பன். ஃபேக்ஸை வாசிச்ச உடனை எனக்கு அது தெரிஞ்சிட்டுது. அவன் பக்கத்திலைதான் நிண்டவன்.”

“தம்பிக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டேன்.

“இல்லை. அவனுக்கு இன்னும் சொல்லேல்லை,” என்றார். குரலை நன்றாகத் தாழ்த்தியிருந்தார். அவருடைய வீட்டில், பக்கத்து அறையில், யாரோ பாட்டுப் பாடிக்கொண்டு கோப்பை கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்டது.